பூட்டிக் கிடந்த வீடும் கிளினிக் வரிசையும்: கிளிநொச்சியில் ஒரு வாடகை வீட்டுத் தேடல்

2023 புரட்டாதியில் ஒரு நாள், கூட்டுறவுச் சங்கத்தில் நான் இருக்கும் மேசைக்கு முன்னால் எனக்குத் தெரிந்த மேசன் தம்பி ஒருவர் வந்து நின்றார். "அண்ணை, வீட்டுக்காரர் கார்த்திகைக்குள்ள எழும்பச் சொல்லிப்போட்டார். எங்கயும் ஒரு வீடு இருந்தாச் சொல்லுங்கோ" என்றார்.

டிப்போ சந்திக்குப் பக்கத்தில் 18,000 ரூபாய் வாடகைக்கு அவர்கள் நாலு வருடமாக இருந்த வீடு அது. வீட்டுக்காரர் முன்பக்கத்தைக் கடையாக மாற்றப் போகிறார். ரோட்டுக்கரைக் காணியில் ஒரு கடைக்கு வரும் வாடகை வீட்டுக்கு வராது. இரண்டு மாதத்துக்கு மேல் தவணை தந்தார், அட்வான்ஸ் மிச்சத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னார். அவரில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து அந்தக் குடும்பம் வீடு கண்டு குடிபோகும் வரை நான் கூடவே அலைந்தேன். அதற்குப் பிறகு வேறு பலரும் இதே கேள்வியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆளாளுக்குத் துண்டு துண்டாகச் சொல்வதைவிட நடந்ததை ஒழுங்காக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. ஆட்களின் பெயர்களை எழுதவில்லை.

வீட்டில் ஐந்து பேர். அவர் மேசன். மனைவி அறிவியல்நகரில் உள்ள ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மூத்த மகள் எட்டாம் ஆண்டு. சின்னவன் 2025இல் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். மனைவியின் தாயும் கூட இருக்கிறார், பிள்ளைகளுக்கு அம்மம்மா. நானும் அப்படியே எழுதுகிறேன். பிறஷரும் சீனி வருத்தமும் இருப்பதால் மாதம் ஒருமுறை மாவட்ட வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறவர்.

மனைவியின் சம்பளம் மாதம் தவறாமல் வரும். தம்பிக்கு நாள் கூலி 3,500 ரூபாய். ஆனால் ஐப்பசியில் மழை தொடங்கினால் தை பிறக்கும் வரை அத்திவாரமும் கிண்டேலாது, வெளிப்பூச்சும் பூசேலாது. வீட்டை விட்டு எழும்ப வேண்டிய காலமும் அவருக்கு வேலை குறையும் காலமும் ஒன்றாக வந்தன. சீட்டுப் பிடித்துச் சேர்த்த 60,000 ரூபாய் கையில் இருந்தது. வாடகைக்கு 15,000க்கு மேல் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வீடு ஏன் கண்ணில் படவில்லை

கிளிநொச்சியில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "வாடகைக்கு வீடு இல்லை." இந்தச் சொல் பாதிதான் உண்மை. அதை விளங்கிக்கொள்ளவே எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சிக்குள் வந்தபோது நகரம் வெறுமையாக இருந்தது. திரும்பி வந்த சனம் கூரையும் கதவும் இல்லாத சுவர்களுக்குத்தான் வந்தது. அதற்குப் பிறகு இங்கே எழும்பிய வீடுகளில் பெரும்பங்கு வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய அரசு முதலில் 50,000 வீடுகளுக்கு உதவியது. அதில் வடக்கு கிழக்கில் 46,000. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கிட்டத்தட்ட 550 சதுர அடி, இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. பயனாளி தானே நின்று கட்ட வேண்டும், பணம் கட்டம் கட்டமாக வரும். சனத்தைத் தூக்கி நிறுத்திய திட்டம் அது. ஆனால் காணி உள்ள குடும்பம் தன் காணியில் தான் இருப்பதற்குக் கட்டிய வீடுகள் அவை. வாடகைக்கு விடுவதற்கென்று யாரும் கட்டவில்லை. காணி இல்லாத குடும்பம் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியில் நின்றது. எங்கள் மேசன் தம்பியும் அப்படி ஒருவர்தான். ஊரில் எத்தனையோ பேரின் வீட்டுத்திட்ட வீட்டுக்குச் சுவர் எழுப்பியவருக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனம் பொறுக்குதில்லை.

பிறகு வாடகைக்கு ஆள் வரத் தொடங்கியது. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சி வரை வந்தது, அடுத்த வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ஓடியது. அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள், தொழிற்சாலைகள், வங்கிகள், திணைக்களங்கள் என்று ஒவ்வொன்றும் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தன. ஒரு வீட்டுக்காரரிடம் மேலதிகமாக இரண்டு அறை இருந்தால் நாலு பெடியளுக்குப் போடிங் கொடுப்பார். தலைக்கு 5,000 என்றால் மாதம் 20,000. அதே இடத்தை ஒரு குடும்பத்துக்கு 12,000க்குக் கொடுப்பாரா? வயது போன தாயோடும் சின்னப் பிள்ளையோடும் வீடு தேடுகிற குடும்பம் உண்மையில் போட்டி போடுவது நாலு பேரின் சம்பளத்தோடு.

2022 நெருக்கடி இதை இன்னும் இறுக்கியது. 2021இல் ஆயிரம் ரூபாயளவில் இருந்த சீமெந்துப் பைக்கற் அடுத்த வருடம் மூவாயிரத்தைத் தாண்டியது. பின்பக்கம் ஒரு அறை இறக்கி வாடகைக்கு விடலாம் என்று அத்திவாரம் போட்டவர்கள் அப்படியே நிற்பாட்டினார்கள். அந்த அத்திவாரங்களில் புல் முளைத்துக் கிடப்பதை இப்போதும் பார்க்கலாம்.

இது ஒரு பக்கம். மறுபக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மோட்டார்சைக்கிளை ஓரமாக விட்டுவிட்டுக் கனகபுரம் பக்கம் ஒரு ஒழுங்கையில் நடந்தோம். அந்த ஒரே ஒழுங்கையில் ஆறு வீடு பூட்டிக் கிடந்தது. கேற்றில் சங்கிலி, வளவு முழுக்கப் பற்றை, ஓட்டில் பாசி. ஒன்றில்கூட வாடகைக்கு என்று எழுதிய மட்டை தொங்கவில்லை. சொந்தக்காரர் பிரான்ஸ், கனடா, சிலர் கொழும்பு. வீடு இல்லாமல் இல்லை. கொடுக்கிறதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. தேடும் முறையையே அதற்குப் பிறகு மாற்றினோம்.

பார்த்ததும் விட்டதும்

அதற்கு முன் பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புறோக்கர் ஒருவர் மூலம் முதல் வீடு பார்த்தோம். உதயநகரில் நல்ல வீடு, 25,000 ரூபாய், ஒரு வருட அட்வான்ஸ். மூன்று இலட்சத்துக்கு எங்கே போவது? புறோக்கருக்கு ஒரு மாத வாடகை வேறு. இரண்டாவது ஜெயந்திநகரில் ஒரு அனெக்ஸ், 14,000. வீட்டுக்கார அம்மா நல்லவர்தான். ஆனால் சின்னப் பிள்ளை சத்தம் போடும், அம்மம்மாவைப் பார்க்கச் சொந்தக்காரர் வந்து போவார்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. வேலைக்குப் போகிற இரண்டு பேர் மட்டும் என்றால் தரலாம் என்றார்.

பன்னங்கண்டிப் பக்கம் ஒரு வீடு 8,000க்கு வந்தது. புதுப் பெயின்ற் அடித்திருந்தது. ஏன் இவ்வளவு குறைவு என்று பக்கத்து வளவில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஐயாவைக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைத் தன் வீட்டுக் கோடிப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். இடுப்பளவில் ஒரு மண்ணிறக் கோடு. 2018 மார்கழி வெள்ளம். அந்த மாதம் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளத்துக்குக் கீழே, வாய்க்கால் கரையில், வயலை அண்டி வீடு பார்ப்பவர்கள் வீட்டுக்காரரின் சுவரைப் பார்த்தால் போதாது. பெயின்ற் அடிக்காத பக்கத்து வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும்.

திருவையாறில் பார்த்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் கணக்குப் பார்க்கப் பழகினோம். வாடகை 10,000, மூன்று மாத அட்வான்ஸ். காற்றோட்டமான வளவு, இரண்டு மாமரம். தம்பிக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்றிரவு அவர் மனைவி ஒரு கொப்பித்தாளை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "அண்ணை, இதைக் கூட்டிப் பாருங்கோ."

தொழிற்சாலை பஸ் ஏ9 வீதியில்தான் வரும், உள்ளுக்கு வராது. வீட்டிலிருந்து அந்த இடம் நாலு கிலோமீற்றர். விடிய ஒருதரம் கொண்டுபோய் விட்டு வர வேண்டும், பின்னேரம் ஒருதரம் ஏற்றி வர வேண்டும், ஆக ஒரு நாளைக்கு 16 கிலோமீற்றர். மாதம் 26 நாள் என்றால் 416 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடினாலும் ஒன்பது லீற்றருக்கு மேல் பெற்றோல், அப்போது லீற்றர் 350க்கு மேல். மூவாயிரத்து முந்நூறு ரூபாய். மகளுக்குப் பள்ளிக்கூட வான் 5,500. கிணறு ஆவணியில் அடியில் போய்விடும், குடிக்க உதவாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆர்ஓ தண்ணீர் கான் வாங்கினால் மாதம் 2,400. எல்லாம் சேர்த்து 21,200 ரூபாய். இப்போது இருக்கும் 18,000 ரூபாய் வீட்டைவிடக் கூட!

அந்தக் கொப்பித்தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. வீடு கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். அந்தத் தங்கச்சி போட்ட கணக்கு எந்தப் புறோக்கரும் போட்டுத் தராத கணக்கு.

முத்திரை ஒட்டிய பேப்பர்

ஒக்டோபர் நடுப்பகுதியில் மழை பிடித்துவிட்டது. தவணை நெருங்க நெருங்கப் பயம் வந்தது. அந்த நேரத்தில் வந்த ஒரு வீட்டில்தான் நாங்கள் கிட்டத்தட்ட விழப் பார்த்தோம். வீட்டுக்காரர் குடும்பம் இன்னும் அங்கே இருப்பதால் இடத்தைச் சொல்லவில்லை.

வாடகை 12,000. பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிட்ட. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, வருட வாடகை 144,000 ரூபாயை முதலே கொடுக்க வேண்டும். பேப்பரில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வைத்தால் போதும் என்றார்கள். சீட்டுக்காசு 60,000, மிச்சத்துக்குத் தாலிக்கொடியை வங்கியில் அடகு வைப்பது என்று முடிவாகிவிட்டது. அடகு வைக்கப் போகும் நாளைக்கு முதல் நாள், எதற்கும் காணிப் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் கேட்போம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

நொத்தாரிசு கேட்ட முதல் கேள்வி, "காணி உறுதியா, பேர்மிட்டா?" சொந்த உரிமைப் பத்திரமா, அரசு தந்த அனுமதிப்பத்திரமா என்பதுதான் கேள்வி. பேர்மிட் என்றோம். அவர் பேனையை வைத்துவிட்டார்.

இதை வன்னியில் வீடு தேடுகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இங்கே பெருமளவு காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்ட அரச காணி. இரணைமடுக் குளத்தை நம்பி வந்த குடியேற்றங்களின் கதை அது. பேர்மிட் வைத்திருப்பவர் அந்தக் காணியில் இருந்து அதைப் பராமரிக்க வேண்டும். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. நிபந்தனை மீறினால் பேர்மிட் ரத்தாகவும் கூடும். அதனால்தான் பல வீட்டுக்காரர்கள் எழுத்தில் எதையும் தர விரும்புவதில்லை. வாடகை என்று எங்கும் பதிவாகக் கூடாது என்பதுதான் அவர்களின் கவலை.

அடுத்ததை அவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். மாதத்துக்கு மாதம் கொடுக்கும் வாடகைக்கு அது தேவையில்லை. ஆனால் ஒரு வருடக் குத்தகை என்று வெறும் பேப்பரில் முத்திரை ஒட்டினால் அது குத்தகையாக நிற்காது. "மூன்றாம் மாதம் எழும்பச் சொன்னால் இந்தப் பேப்பரைக் காட்டி வீட்டில் இருக்க ஏலாது. காசைத் திருப்பி எடுக்கத்தான் வழக்குப் பேசலாம்" என்றார்.

வீட்டுக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் அந்தச் சட்டம் தெரிந்திருக்கவில்லை, ஊர் வழமையைத்தான் சொன்னார். மாதா மாதம் தருகிறோம், மூன்று மாத அட்வான்ஸ் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தோம். அவருக்கு மொத்தக் காசு அவசரமாகத் தேவைப்பட்டது. சரி என்று விட்டுவிட்டோம். திரும்பி வரும் வழியில் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. தாலிக்கொடி வீட்டிலேயே இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நிம்மதி.

அம்மம்மா கண்டுபிடித்த வீடு

நாங்கள் ஆறு கிழமையாக மோட்டார்சைக்கிளில் திரிந்தோம். கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்தது அம்மம்மா.

கிளினிக் நாளில் விடிய ஆறு மணிக்கே போய் நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில் இருப்பார்கள். அந்த வாங்கில் கதைபடாத விசயம் இல்லை. ஒக்டோபர் கடைசிக் கிளினிக்கில் பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி, மகன் பிரான்ஸில், அவன் கட்டிய வீடு நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, பற்றை வளர்ந்து பாம்பு வருகுது, தான் இரண்டு வளவு தள்ளி மகளோடு இருப்பதாகச் சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறார். அம்மம்மா உடனே, "வீட்டை ஆருக்கும் குடுத்தா என்ன?" என்று கேட்டிருக்கிறார். "தெரியாத ஆக்களுக்கு எப்பிடிப் பிள்ளை குடுக்கிறது?" என்று ஆச்சி. இரண்டு பேருக்கும் மருந்து எடுத்து முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் யார் எந்த ஊர், 2009இல் எந்தப் பக்கத்தால் போனது, முகாமில் எந்த வலயம், யாருக்கு யார் சொந்தம் என்று எல்லாம் கதைத்தாயிற்று. தெரியாத ஆள் தெரிந்த ஆளாகி, பின்னேரம் போலத் திறப்போடு வந்து வீட்டைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார் ஆச்சி.

கனகபுரத்தின் உட்புறம். வீட்டுத்திட்ட வீடு, பின்னால் மகன் காசு அனுப்பி ஒரு அறையும் விறாந்தையும் கூட்டியிருந்தார். பஸ் வரும் இடத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றர், மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகலாம். கிணறு நல்லது. பாதிக் கூரை ஒழுகியது, மலசலகூடத்துக் கதவு உக்கிவிட்டது, குசினிச் சுவர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தம்பி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆறு கிழமையில் முதல் தடவை. "அண்ணை, இது எட்டு நாள் வேலை."

மகனோடு நான்தான் போனில் கதைத்தேன். முதல் நாள் மறுத்துவிட்டார். இரண்டாம் நாள் காரணம் கேட்டேன். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பத்து வருசம் இருந்தா வீடு அவைக்குச் சொந்தமாப் போகும் எண்டு சொல்லுகினம். அம்மாவுக்கு வழக்குக்குத் திரிய ஏலாது."

இந்தப் பயம் வெறும் வதந்தியால் வந்தது இல்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, சொந்தக்காரருக்கு எதிராக, அவர் உரிமையை ஏற்காமல், தடையின்றிப் பத்து வருடம் ஒரு காணியை ஆண்டவர் உரிமை கோர முடியும். போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடியவர்களின் காணிகளில் இது பெரிய பிரச்சினையானதால்தான், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விசேடமாக வந்தது. காணியை விட்டுப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் இன்னொருவர் இருக்கிறார் என்பது இங்கே பலர் அனுபவித்த துன்பம். அதனால் அவரை நான் சமாதானப்படுத்தப் போகவில்லை. விளங்கப்படுத்தினேன். வாடகை கொடுத்து இருப்பவர் சொந்தக்காரரின் சம்மதத்தோடு இருப்பவர், ஒவ்வொரு மாத வாடகைப் பற்றுச்சீட்டும் உரிமை அவருக்குத்தான் என்பதற்கு அத்தாட்சி. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் யாரும் புகுந்து இருப்பதைவிட, நொத்தாரிசு எழுதிய குத்தகையில் ஒரு குடும்பம் இருப்பது அவருக்குப் பாதுகாப்பு. தவணை முடிந்தும் எழும்பாவிட்டால் குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தில் தனி வழியும் இருக்கிறது. நொத்தாரிசின் நம்பரையும் கொடுத்தேன், நேரே கேளுங்கோ தம்பி என்று.

மூன்றாம் நாள் அவரே எடுத்தார். "ஆடிக்கு வந்தா நாங்கள் நிக்க ஒரு அறை வேணும்."

அது என்ன பெரிய விசயம்!

பேசி முடித்தது இப்படி: மாத வாடகை 14,000, மூன்று மாத அட்வான்ஸ் 42,000. திருத்த வேலைக்குச் சாமான் வீட்டுக்காரர் செலவு, கூலி தம்பியின் கணக்கு. எட்டு நாளைக்கு 28,000. அதை அட்வான்ஸில் கழித்துக் கையில் 14,000தான் கொடுக்க வேண்டி வந்தது. மழையில் வேலை இல்லாமல் இருந்தவருக்குத் தன் வீட்டுக்குள்ளேயே எட்டு நாள் வேலை. பெற்றோலையும் சேர்த்து மாதச் செலவு 15,300க்கு உள்ளே வந்தது. திருவையாறு வீட்டைவிட வாடகை 4,000 கூட, மொத்தச் செலவு கிட்டத்தட்ட 6,000 குறைவு.

மார்கழி பிறந்தால் புது வீடு போகமாட்டோம் என்று அம்மம்மா பிடிவாதமாக நின்றார். கார்த்திகைக் கடைசிக் கிழமையில் லான்ட் மாஸ்டரில் இரண்டு நடை, மழைக்குத் தறப்பாள் மூடிச் சாமான் ஏற்றினோம். பால் காய்ச்ச ஆச்சியும் வந்திருந்தார்.

பத்திரம் வந்த பிறகு

காணி உறுதி மகன் பெயரில் இருந்தது. உறுதி என்பதால் நொத்தாரிசு குத்தகை எழுதச் சம்மதித்தார். மகன் இங்கே இல்லாததால் தன் சார்பில் கையெழுத்து வைக்கத் தாய்க்கு அற்றோணித் தத்துவம் கொடுக்க வேண்டும். அதைப் பாரிஸில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் செய்து அனுப்ப இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. அதுவரை மாதத்துக்கு மாதம் என்ற வாடகைதான், சட்டம் அதற்கு இடம் தருகிறது. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் ஆச்சி ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வைத்துத் தந்தார். 2024 மாசியில் குத்தகைப் பத்திரம் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்தோம்.

அந்தப் பத்திரத்தின் உண்மையான பெறுமதி சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் தெரிந்தது. முதலாம் ஆண்டு அனுமதிக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறோம் என்பதை ஆவணங்களோடு காட்ட வேண்டும்: வாக்காளர் இடாப்பு, உறுதி அல்லது பதிந்த குத்தகை, கரண்ட் பில், தண்ணீர் பில் போன்றவை. வாடகைக் குடும்பங்கள் அடிபடுவது இங்கேதான். பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், குத்தகை பேப்பரில்கூட இருக்காது, இடாப்பில் பெயர் போட வீட்டுக்காரர் விடமாட்டார். பெயர் போட்டால் காணியில் உரிமை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வாக்காளர் இடாப்பு எந்தக் காணிக்கும் உரிமை கொடுக்காது. அது ஆள் எங்கே வசிக்கிறார் என்பதற்கான பதிவு மட்டும். கிராம சேவையாளர் இதை ஆச்சிக்கு நேரே சொன்ன பிறகு அவர் தடை சொல்லவில்லை. வாடகை பேசும்போதே இதைப் பேசி வைக்காமல் விட்டது என் பிழை. பேசியிருந்தால் அந்தத் தங்கச்சி மூன்று மாதம் நித்திரை இல்லாமல் இருந்திருக்கத் தேவையில்லை. சின்னவனுக்கு இடம் கிடைத்தது.

எல்லாம் சுகமாகப் போனது என்றும் இல்லை. இரண்டாம் வருடம் வாடகையை 18,000 ஆக்க மகன் கேட்டார். கொப்பித்தாளை மறுபடி விரித்து இருவரும் கதைத்து 16,000இல் நின்றது. மலசலகூடக் குழி ஒருமுறை நிரம்பி, யார் செலவு என்று மனத்தாங்கல் வந்தது. பத்திரத்தில் அது எழுதப்படவில்லை. பாதிப் பாதி என்று முடித்து, புதுப்பித்தபோது ஒரு வரியாகச் சேர்த்தோம். ஆடியில் மகன் குடும்பத்தோடு வந்து இரண்டு கிழமை முன்னறையில் நின்றார். அவர் பிள்ளைகளும் இவர்கள் பிள்ளைகளும் கிணற்றடியில் குளித்து வளவையே சேறாக்கினார்கள்.

ஆச்சியும் அம்மம்மாவும் இப்போது கிளினிக்குக்கு ஒரே ஆட்டோவில் போகிறார்கள், காசு ஆளுக்குப் பாதி. போன மாதம் திரும்பி வந்த அம்மம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு திறப்பைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். வாங்கில் பக்கத்தில் இருந்த இன்னொரு பொம்பிளையின் தங்கச்சி வீடாம், விவேகானந்தநகரில், மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்குதாம். "நல்ல குடும்பம் ஒண்டு இருந்தாச் சொல்லட்டாம்" என்றார். காணி உறுதியா பேர்மிட்டா என்று கேட்டேன்.

"உறுதிதான். கேட்டுக்கொண்டுதான் வந்தனான்."